கோபுரத்துக்காக உயர வரம்பு இருக்கிறது. கடைவீதிக்காக அகல வரம்பு எப்போது?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரை தெற்கு மாசி வீதியிலும் அதையொட்டிய தெருக்களிலும் 38 ஆண்டுகள் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதியவன் நான். எனக்கென்று கடை இருந்ததில்லை. வாடகைக்கு விடும் கட்டடமும் இல்லை. ஆகவே கடை முகப்பின் அகலத்துக்கு வரம்பு வேண்டும் என்று இக்கடிதத்தில் நான் முன்வைக்கும் யோசனை நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் என் வரவு செலவில் ஒரு காசும் மாறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் கடைவீதியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஏதாவது ஒரு கதவெண் சொந்தமாக இருக்கும்.

சென்ற தை மாதம், நான் வெகுகாலம் கணக்கெழுதிய மூன்று கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. பங்குனி பிறப்பதற்குள் இடைச்சுவர்கள் இடிக்கப்பட்டு, மூன்று வாசல்களும் ஒரே கண்ணாடி முகப்பாகிவிட்டன. அவற்றில் ஒன்று சுங்குடிச் சேலைக் கடை. இரண்டாவது, பேரேடும் ரசீதுப் புத்தகமும் விற்ற கடை. கணினி வந்த பிறகு அது தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது கடைதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. பத்தடி அகலம்கூட இல்லாத அந்தக் கடையில் பட்டன், நூல்கண்டு, ஜிப், கொக்கி, லைனிங் துணி, சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸ் ஆகியவை கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டித் தையற்காரர்கள் பஸ் ஏறி வந்து, ஒரு குரோஸ் பட்டன், அதாவது 12 டஜன், நிறத்துக்கு நிறம் பிரித்து வாங்கிப்போவார்கள். கையில் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து நீட்டினால், முதலாளி அதை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அதற்கு ஒத்த நூலைத் திரும்பிப் பாராமலே பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். இப்போது அவ்விடத்தில் வந்திருப்பது பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஆயத்த ஆடைக் கடை. அதன்மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அது சட்டப்படி வந்திருக்கிறது. வாடகையை மாதம் தவறாமல் கொடுக்கிறது. நாலைந்து பிள்ளைகளுக்கு வேலையும் கொடுத்திருக்கிறது. எந்தச் சட்டப்படி அது வந்ததோ அந்தச் சட்டத்தில் ஒரு விதி குறைகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மதுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் சங்க காலத்து நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் தொடங்காமல் இருப்பதில்லை. நான் அவ்வளவு தொலைவு போகப்போவதில்லை. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அமைந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆடி வீதிகள் கோயில் மதிலுக்குள் இருக்கின்றன. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். திருமலை நாயக்கர் திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மட்டும் பழைய மாதத்திலேயே தங்கிவிட்டது. இந்தச் சதுரங்களுக்கு இடையில் நெளியும் சிறு தெருக்களின் பெயர்களைப் படித்தாலே கடைவீதியின் வரலாறு கிடைத்துவிடும்: வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நகரத்தின் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்த குடிமக்களுக்கே அவ்விடத்தில் மனை கொடுக்கப்பட்டது. அந்த வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக நிற்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தால் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து கல்யாணச் சாமான் வாங்க வரும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்கள். முதலில் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய் அன்றைய பவுன் விலையைக் கேட்டு, பழைய நகையைக் கொடுத்து மாற்றித் தாலிக்குப் பொன் வாங்குகிறார்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் அதை வாங்குவார்கள் என்பதால் மற்ற வேலையெல்லாம் அதன் பின்புதான். பிறகு விளக்குத்தூண் பக்கம் வந்து முகூர்த்தச் சேலை எடுக்கிறார்கள். சம்பந்தி வீட்டாருக்கும் அத்தை, மாமன் வகையறாவுக்கும் வைத்துக்கொடுக்க வேண்டிய துணிகளைப் பத்துத்தூண் சந்தில் சற்று மலிவாகப் பார்த்து வாங்குகிறார்கள். வெண்கலக்கடைத் தெருவில் குத்துவிளக்கும் அண்டாவும் குடமும் எடுத்தால், கடைவாசலிலேயே ஒருவர் சிற்றுளியை வைத்துப் பெண்ணின் பெயரையும் தேதியையும் வெட்டிக் கொடுப்பார். மளிகைச் சிட்டையைக் கீழ மாசி வீதியில் ஒரு கடையில் கொடுத்துவிட்டால் மாலைக்குள் கட்டி வைத்துவிடுவார்கள். வெங்காய மூட்டை கீழ மாரட் வீதியிலிருந்து வந்து சேரும். இடையில் பசித்தால் இட்லியும், வெயில் ஏறினால் ஜிகர்தண்டாவும் உண்டு. பொழுது சாயும்போது எல்லாம் ஒரு வண்டியில் ஏறும். இத்தனையும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நாளில் அந்தக் குடும்பத்தின் பணம் இருபது முப்பது கல்லாப்பெட்டிகளுக்குப் போயிருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்னொன்றுக்குச் சொந்தமானதாக இருக்காது.

கணக்கெழுதியவன் என்ற முறையில் அந்தக் கல்லாப்பெட்டிகளுக்குள் என்ன நடந்தது என்பதை நான் அறிவேன். ஒரு கடையில் கேட்ட சரக்கு இல்லையென்றால், 'இல்லை' என்ற சொல் வாடிக்கையாளரின் காதில் விழாது. கடைப் பையன் பின்வாசலால் ஓடி நாலாவது கடையிலிருந்து எடுத்துவருவான். இரவு கடை கட்டும்போது இரண்டு கடைக்காரர்களும் அதை நேர் செய்துகொள்வார்கள். சில நாள் பணமாக, சில நாள் சரக்காக, பல நாள் வெறும் குறிப்பாக. என் பேரேடுகளில் 'கைமாற்றுச் சரக்கு' என்று ஒரு தனிப் பக்கம் எல்லாக் கடைகளுக்கும் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முந்நூறு சிறு கடைகள். உள்ளே இருந்து பார்த்தால் ஒரே பெரிய கடை, முந்நூறு முதலாளிகள். கிராமத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுத்த கடனும் அப்படித்தான். 'அறுப்பு முடிந்து தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த ஊர், எவ்வளவு நிலம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரிந்திருக்கும். வங்கி மேலாளருக்கு அது தெரியாது. கிளைகள் வைத்து நடத்தும் கடையின் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டஜன் பட்டனைக்கூடக் கடனாகக் கொடுக்க முடியாது. பக்கத்துக் கடைக்குக் கைமாற்றுத் தரவும் முடியாது. ஆகவே மூன்று கடைகள் ஒன்றாகும்போது எண்ணிக்கையில் இரண்டுதான் குறைகிறது என்றாலும், அந்த வரிசையில் சரக்கு ஓடிய வழி மொத்தமாக அறுந்துவிடுகிறது.

இனி விதிக்கு வருகிறேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரத்தை நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க முடிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் போடப்பட்ட விதி அது. அதை மீறிக் கட்டியவர்கள் உண்டு, நீதிமன்றப் படி ஏறியவர்களும் உண்டு. ஆனாலும் அந்த விதி இல்லாமல் போயிருந்தால் மாசி வீதியில் நின்று கோபுரத்தைத் தேட வேண்டியிருந்திருக்கும். ஆனால் இந்த விதிக்கு ஒரு பக்க விளைவு உண்டு. மேலே எழும்ப முடியாத பெரிய கடை பக்கவாட்டில் படர்கிறது. சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடைக்கு இடம் போதவில்லை என்றால் மாடிக்கு மேல் மாடி கட்டுவார்கள். மதுரையில் அதே கடைக்கு அடுத்த வாசல் தேவைப்படுகிறது, பிறகு அதற்கடுத்த வாசல். நான் மாசி வீதிகளில் பார்த்த வரையில் பழைய கடைகளின் முகப்பு பத்தடி முதல் பதினைந்தடி வரைதான். நீளவாட்டில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கோபுரத்தைக் காப்பாற்றுவதற்காக உயரத்துக்குக் கோடு கிழித்தவர்கள் அகலத்துக்கும் ஒரு கோடு கிழித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால், கோபுரம் தெரிகிறது. கோபுரத்துக்குக் கீழே இருந்த ஊர் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

கடைகள் காலியாவதற்கு வாடகையே முதற்காரணம் என்பதை மறுக்க முடியாது. இதில் கட்டட உரிமையாளர்களைக் குற்றம் சொல்லி ஒரு பயனும் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், தாத்தா காலத்தில் பேசிய வாடகையைப் பேரன் காலம் வரை கொடுத்துக்கொண்டிருந்த கடைகளுக்கு நானே கணக்கெழுதியிருக்கிறேன். மாத வாடகையைவிட அந்த மாதத்துத் தேநீர்ச் செலவு அதிகமாக இருந்த கடையும் அதில் உண்டு. கட்டடத்தைப் பழுது பார்க்க உரிமையாளரிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இனி எல்லாம் எழுத்து மூலமான ஒப்பந்தப்படி. வாடகை இரு தரப்பும் பேசிக்கொண்டபடி. காலம் முடிந்தால் புதுப்பிப்பதும் மறுப்பதும் உரிமையாளர் விருப்பம். வீட்டு வாடகைக்கு இது பொருத்தமாக இருக்கலாம். கடைவீதியில் என்ன ஆயிற்று என்றால், பாகப்பிரிவினையான பழைய கட்டடங்களில் ஒரு பங்காளி சென்னையிலும் இன்னொருவர் பெங்களூரிலும் இருக்க, மூன்று வாசலுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தில் ஒரே காசோலை தருகிறேன் என்று ஒரு நிறுவனம் வரும்போது, அந்தக் காசோலையை மறுக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பட்டன் கடைக்காரரிடம் கேட்கப்பட்ட புதிய வாடகை, அவர் முந்தைய ஆண்டு மாதந்தோறும் ஈட்டிய லாபத்தைவிட அதிகம். அந்தக் கணக்கை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, 'சரிங்க பிள்ளை' என்று மட்டும் சொன்னார்.

சுங்குடிக் கடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவண்ணமான அந்தச் சேலையில், துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். கடைக்காரர் துணியைக் கொடுத்தனுப்புவார், முடிச்சு முடிந்து வரும்போது கூலி கொடுப்பார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும் என்பதால் ஒரே மாதிரி ஐந்நூறு சேலை வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர்களால் கொடுக்க முடியாது. பல கிளைகளுக்குச் சரக்குப் பிடிக்கும் நிறுவனத்துக்கோ ஒரே மாதிரி ஐந்நூறுதான் தேவை. விளைவு, புள்ளியை அச்சில் அடித்த சேலை சுங்குடி என்ற பெயரில் அடுக்கப்படுகிறது. குறியீட்டுச் சான்று சட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த முடிச்சை வாங்கி விற்கும் பத்தடிக் கடைதான் இல்லாமல் போயிற்று. புவிசார் குறியீடு கொடுக்கும் அரசு, அந்தப் பொருள் விற்கும் தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்பது என் கேள்வி.

சிறு கடைகளைப் பற்றி உயர்வாகவே பேசிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. ஆளைப் பார்த்து விலை சொல்வதும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பதும், நடைபாதையில் பாதியைச் சரக்கு வைத்து அடைத்துவிடுவதும் எங்கள் கடைவீதியின் பழைய நோய்கள். காலை முதல் இரவு வரை பெண் ஊழியர்களை நிற்க வைத்தே வேலை வாங்கிய முதலாளிகளை எனக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்த வேண்டி வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். கழிப்பறை இல்லாத கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிராமத்திலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய கடைகளில் விலைச் சீட்டு இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. மக்கள் அங்கே போவதில் வியப்பில்லை. என் மகளும் போகிறாள். மேலும், இன்று பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கும் பெயர்களில் சில, இதே மாசி வீதியில் ஒற்றை வாசலில் தொடங்கியவைதாம். அவற்றை வளராதே என்று சொல்ல நான் யார்? அடுத்து அப்படித் தொடங்கப்போகிறவருக்கு ஒற்றை வாசல் மிஞ்ச வேண்டும் என்பதே என் கவலை.

இது மதுரைக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை என்பதால், பிற நாட்டு நகரங்கள் என்ன செய்தன என்று என் பேரன் உதவியுடன் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2004 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரே பெயர்ப்பலகை, ஒரே அலங்காரம், ஒரே சரக்கு என்று 11 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள நிறுவனம் அங்குள்ள பெரும்பாலான குடியிருப்புப் பகுதிக் கடைவீதிகளில் கடை திறக்க வேண்டுமானால், அதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். அனுமதிக்கு முன் அக்கம்பக்கத்தார் பேச உரிமை உண்டு. சில வீதிகளில் அத்தகைய கடைகளுக்கு இடமே இல்லை. பாரிஸ் மாநகராட்சி வேறு வழியில் போயிற்று. அதுவும் 2004 முதல், ஒரே வகைக் கடைகளே பெருகிக்கொண்டிருந்த பகுதிகளில் தரைத்தளக் கடைகளை மாநகராட்சி சார்ந்த நிறுவனத்தின் மூலம் விலைக்கு வாங்கி, புத்தகக் கடை, கைவினைக் கடை, உணவுப்பொருள் கடை போன்றவற்றை நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. அந்த ஊர்களின் சட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. கிளைகளை எண்ணும் முறை நம் நாட்டில் பினாமிப் பெயர்களில் ஒரே வாரத்தில் தோற்றுப்போகும் என்று நினைக்கிறேன். பதினோராவது கிளையை மைத்துனர் பெயரில் பதிவு செய்வது நமக்குப் பெரிய வித்தையா? அகலத்தை அப்படி மறைக்க முடியாது. நாடாவை வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

எனவே என் கோரிக்கை அகலத்தைப் பற்றியதுதான். நான்கு மாசி வீதிகளிலும், நான்கு ஆவணி மூல வீதிகளிலும், இவற்றை இணைக்கும் தெருக்களிலும் சந்துகளிலும், தரைத்தளத்தில் ஒரே வணிகத்தின் முகப்பு 25 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். உள்ளே எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போகட்டும். முதல் மாடியில் சேர்த்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே அகலமாக இருப்பவை இருக்கட்டும். பெரிய நிறுவனமும் வரலாம், 25 அடிக்குள் வரட்டும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பகுதிக்கென்று விரிவு வளர்ச்சித் திட்டம் வகுக்க இடமிருக்கிறது. 9 மீட்டர் உயர வரம்பைக் கட்டட அனுமதியின்போது சரிபார்க்கும் அதே அலுவலர் இதையும் சரிபார்க்கலாம். இடைச்சுவரை இடித்து வாசல்களை ஒன்றாக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அந்தத் தெருவின் இரு பக்கக் கடைக்காரர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். இப்போது அடுத்த கடை இடிபடுவது பக்கத்துக் கடைக்காரருக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிகிறது.

தனியார் கட்டடங்களுக்கு விதி செய்வதற்கு முன், பொது உடைமையாக உள்ள கட்டடங்களில் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோயிலுக்கும் அறக்கட்டளைகளுக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமான கடைகள் இந்தப் பகுதியில் கணிசமாக உள்ளன. அவற்றை அதிகத் தொகை கேட்டவருக்கே ஏலம் விடும் வழக்கத்தைச் சற்று மாற்றி, இன்ன வரிசை இன்ன தொழிலுக்கு என்று ஒதுக்கி, அந்தத் தொழில் செய்பவர்களுக்குள் ஏலம் விடலாம். புது மண்டபத்தில் நடந்ததிலிருந்து இதில் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு இடையில் தையற்காரர்களும், புத்தகக் கடைக்காரர்களும், பாத்திரக் கடைக்காரர்களும் நெடுங்காலம் இருந்தார்கள். 2018 பிப்ரவரி 2 அன்று கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு, கற்சிற்பங்களுக்கு நடுவே துணியும் காகிதமும் அடுக்கி வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது; புது மண்டபத்தைக் காலி செய்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அவர்களுக்காகக் குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் புதிய வணிக வளாகமும் கட்டப்பட்டது. அதையும் பாராட்டுகிறேன். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு வேடம் கட்டுகிறவர், கள்ளழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கான உடைக்காக வருகிறவர், நடந்து போகிற போக்கில் தையல் இயந்திரச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தவர். அவர் மாடிப்படி ஏறிக் கடை எண் தேடுவதில்லை. வேறிடம் கொடுத்தால் போதும் என்று திட்டம் போடுகிறவர்கள், வாசல் எந்த வீதியைப் பார்த்து இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிடுகிறார்கள். சிறு கடைக்கு வாசல்தான் மூலதனம்.

வண்டி நிறுத்த இடமில்லாததால்தான் கடைவீதி அழிகிறது என்று ஒரு வாதம் உண்டு. சித்திரை வீதிகளில் வண்டியே போக முடியாது. அங்கே கடைகள் நடக்கவில்லையா? வடக்கு ஆவணி மூல வீதியில் சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று பல அடுக்கு வாகன நிறுத்தம் எழுந்திருக்கிறது. காய்கறி விற்ற இடத்தில் கார் நிற்பதைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அது வேறு கடிதம். சரக்கு லாரிகள் இரவு நேரத்தில் மட்டும் வந்துபோக வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கண்டிப்புடன் கடைப்பிடித்தாலே கீழ மாசி வீதியில் பகலில் நடக்க இடம் கிடைக்கும். நடைபாதை வணிகர்களைப் பற்றியும் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு உரியது. அந்தக் குழுவைக் கலந்து இடம் குறித்துக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பண்டிகைக்கு முன்பும் தள்ளுவண்டிகளைத் துரத்திவிட்டுப் பண்டிகை முடிந்ததும் கண்டுகொள்ளாமல் இருக்கும் நாடகம் தேவைப்படாது.

இணைய வணிகத்தின் காலத்தில் கடைவீதிக்கு அகலம் அளப்பது வேண்டாத வேலை என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதில், கல்யாணக் குத்துவிளக்கில் பெயர் வெட்டித் தரச் சொல்லிக் கைப்பேசியில் கேட்டுப் பாருங்கள் என்பதுதான். கேட்டால் கிடைக்கலாம், ஒரு வாரம் கழித்து, எழுத்துப் பிழையோடு.

கடைசியாக ஒரு சிறு உதவி என்னால் முடியும். கணக்கெழுதப் போய்வந்த காலத்தில், தெற்கு மாசி வீதியின் இரு பக்கக் கடைகளையும் கதவெண் வரிசையில், என்ன தொழில், எத்தனை அடி முகப்பு என்று ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வசூலுக்குப் போகும் பையன்களுக்கு வழி சொல்வதற்காக எழுதியது அது. கடை மாறும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதியிருக்கிறேன். எந்தத் தொழில் எந்த ஆண்டு எந்த வாசலிலிருந்து போயிற்று என்பது அதில் இருக்கிறது. மாநகராட்சியோ நகர் ஊரமைப்பு அலுவலகமோ இந்த வீதிகளை அளக்க முன்வந்தால் அந்தக் குறிப்பேட்டைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பட்டன் கடையின் வரிக்கு எதிரே இன்னும் நான் கோடு போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெழுத்தர் ஒருவர்,
தெற்கு மாசி வீதி, மதுரை.